வெளிக் காசும் நம் சந்தாவும்

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுப் பல தோட்டங்களிலிருந்து வந்து கூடியிருக்கும் பால்மரத் தொழிலாளத் தோழர்களே, சகோதரிகளே, கிராணிமார்களே!

இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. சட்ட உதவி மேசை ஒன்றை நம் வட்டாரத்தில் நடத்துவதற்கு வெளிநாட்டு மானியம் வாங்கலாமா, கூடாதா என்பதே அது. கோலாலம்பூரில் உள்ள ஓர் அமைப்பு, தனக்கு வெளிநாட்டு நிதியறத்தார் தரும் தொகையில் ஒரு பங்கை நமக்குத் தர முன்வந்திருக்கிறது. இரண்டாண்டு காலத்துக்கு ஓர் எழுத்தரின் சம்பளம், ஓர் அறையின் வாடகை, மாதம் ஒரு சட்ட வகுப்பு, தமிழிலும் மலாயிலும் துண்டுப் பிரசுரங்கள் ஆகியவை அதில் அடங்கும். செயற்குழுவில் இதைப்பற்றி மூன்று முறை பேசினோம். மூன்று முறையும் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். ஆகவே, உள்ளே பேசியதை உங்கள் முன்னிலையில் திறந்து வைத்து, முடிவை உங்களிடமே விடுவது என்று தீர்மானித்தோம்.

முதலில், இந்த மேசை ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு நம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு சகோதரி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். பதினெட்டு வருடச் சேவை. கட்டிப்பால் காணாமற்போனதற்கு அவர்தான் காரணம் என்று ஒரு வார்த்தை; விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் அவர் பெயர் கூப்பிடப்படவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாள் என்ன செய்தார்? துரை மனம் இரங்குவார் என்று இரண்டு வாரம் காத்திருந்தார். பிறகு கோவில் தலைவரிடம் போனார். பிறகு தேர்தல் காலத்தில் வந்து கைகூப்பிய ஒருவரிடம் போனார். அவர், "பார்க்கலாம் அம்மா" என்றார். கடைசியில், யாரோ சொல்ல, நம் கிளைக்கு வந்தார். நாங்கள் வேலைநீக்கக் கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தோம். அன்றைக்கு அறுபத்து மூன்றாம் நாள்!

தோழர்களே, 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் 60 நாள் என்றால் 60 நாள்தான். மூன்று நாள் தாமதத்தால் பதினெட்டு வருட உழைப்புக்கு நியாயம் கேட்கும் வாசல் அடைபட்டது. அந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே ஐயா" என்றார். அவர் எங்களைத் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சொல்லவேண்டியவர்கள் நாம். நாம் சொல்லவில்லை.

இந்த மேசையின் தேவை அதுதான். இதில் செயற்குழுவில் இரண்டு கருத்து இல்லை. காசு எங்கிருந்து வருவது என்பதில்தான் கருத்து வேற்றுமை.

இந்த மானியம் என்பது என்ன? உலகில் பல நாடுகள் ஒற்றை ஆட்சியிலிருந்து, அல்லது ஒரே கட்சியின் நீண்ட ஆட்சியிலிருந்து, மக்களாட்சியின் முழு வடிவத்துக்கு மாறிவந்திருக்கின்றன. அப்படி மாறும் நாட்டில் தேர்தல் ஒன்று நடந்துவிட்டால் போதாது. பழைய சட்டங்கள் அப்படியே இருக்கும். அவற்றைத் திருத்த வேண்டும். நீதிமன்றம் ஏழைக்கும் எட்ட வேண்டும். சங்கங்களும் பத்திரிகைகளும் பயமின்றிப் பேச வேண்டும். இவற்றுக்கென்று வசதி படைத்த நாடுகளின் அரசுகளும் செல்வந்தர்களின் நிதியறங்களும் பணம் ஒதுக்குகின்றன. அமெரிக்கக் காங்கிரஸின் பணத்தில் 1983இல் தோன்றிய ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம் அவற்றில் ஒன்று. ஜார்ஜ் சோரோஸ் என்ற செல்வந்தரின் ஓப்பன் சொசைட்டி நிதியறம் மற்றொன்று. ஜெர்மனியில் அரசியல் கட்சிகளைச் சார்ந்த நிதியறங்கள் அரசாங்கப் பணத்தில் இயங்குகின்றன. சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த ஃபிரீட்ரிக் ஏபர்ட் நிதியறம் நம் நாட்டுத் தொழிற்சங்கத்தாருடனும் நெடுங்காலம் பழகியதே.

இந்தக் காசு நன்மை செய்ததுண்டா? உண்டு. போலந்து நாட்டில் 1980இல் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய 'ஒற்றுமை' என்னும் சங்கம் ஒரு கோடிப் பேர் வரை சேர்ந்த பெரும் சங்கமாயிற்று. 1981 டிசம்பரில் அங்கு இராணுவச் சட்டம் வந்து, சங்கம் தடை செய்யப்பட்டது. தலைமறைவாக இயங்கிய காலத்தில் அதற்கு அச்சு யந்திரமும் மையும் காகிதமும் வாங்க அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழியாகப் பணம் போயிற்று. 1989இல் தேர்தல் வந்தது. அந்த ஆட்சி மாறிற்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளிக் காசு மை வாங்கிக் கொடுத்தது. அந்த ஒரு கோடிப் பேரை யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. அவர்கள் முன்பே அங்கு இருந்தார்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். வெளி உதவி நமக்குப் புதிதன்று. யுத்தம் முடிந்த கையோடு, பிரிட்டிஷ் அரசாங்கம் ஜான் பிரேசியர் என்ற இரயில்வே தொழிற்சங்கக்காரரைத் தொழிற்சங்க ஆலோசகராக மலாயாவுக்கு அனுப்பியது. சங்கம் நடத்த நமக்குக் கற்றுத் தருவதற்கென்று வந்தார். கற்றுத் தரப்பட்டதும் உண்மை. எந்தச் சங்கம் வளரலாம், எது வளரக்கூடாது என்பதை அரசாங்கம் தீர்மானித்ததும் உண்மை. 1948இல் சங்கச் சட்டம் இறுக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒழிந்தது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். கற்றுக் கொடுக்கும் கை எந்தச் சட்டைப் பையிலிருந்து வருகிறது என்று அன்றே நம் பாட்டன்மார் பார்த்துவிட்டார்கள்.

பிறகு 1954இல் ஜொகூர்ச் சங்கம் உள்படத் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஐந்து ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பி. பி. நாராயணன் அவர்கள் அதை வழிநடத்தினார். 1975இல் அவரே சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்குத் தலைவரும் ஆனார். அந்தச் சம்மேளனம் 1952இல் கல்கத்தாவில் ஆசியத் தொழிற்சங்கக் கல்லூரியை நிறுவியது. அதுவும் வெளிக் காசுதான். ஆனால் அந்த உதவி, சங்கத்தார் சங்கத்தாருக்குச் செய்தது. கொடுத்தவனும் சந்தா கட்டியவன், வாங்கியவனும் சந்தா கட்டியவன். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அண்மைக் காலம். 2012இல் சுவாராம் என்ற மனித உரிமை அமைப்பு வெளிநாட்டு மானியம் பெற்றதென்று கூச்சல் எழுந்து, பல இலாகாக்கள் அதை விசாரித்தன. 2016 நவம்பர் 19இல் நியாயமான தேர்தல் கோரிப் பெர்சே அமைப்பின் ஐந்தாவது பேரணி நடந்தது. அதற்கு முதல் நாள் அதன் அலுவலகம் சோதனையிடப்பட்டது. தலைவி மரியா சின் அப்துல்லா, 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ஓப்பன் சொசைட்டி மானியமே பெரிதாகப் பேசப்பட்டது. தனிச் சிறையில் வைக்கப்பட்டு, பதினோரு நாட்களுக்குப் பின் அவர் விடுவிக்கப்பட்டார். 2018 மே 9இல் சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக மத்திய ஆட்சி மாறிய அந்தத் தேர்தலில், அவரே பெட்டாலிங் ஜெயா நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்று "அந்நியக் காசு, அந்நியக் காசு" என்று முழங்கியவர்கள் யார்? அதே 2016 ஜனவரியில், அன்றைய பிரதமரின் சொந்த வங்கிக் கணக்கில் விழுந்த 68 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர், சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை என்று அன்றைய சட்டத்துறைத் தலைவர் அறிவித்தார்! தலைவர் கணக்கில் வந்தால் நன்கொடை. குடிமக்கள் சங்கத்துக்கு வந்தால் துரோகம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. நம் நாடு மட்டுமன்று. இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலமாகிய 1976இல் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010இலும் 2020இலும் மேலும் இறுகியது. ரஷ்யாவில் 2012இல் இத்தகைய அமைப்புகளுக்கு 'அந்நிய முகவர்' என்று முத்திரை குத்தச் சட்டம் வந்தது. ஹங்கேரி 2017இல் கொண்டுவந்த சட்டம் ஐரோப்பிய ஒன்றிய விதிகளுக்கு முரணானது என்று 2020இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசை நிறுத்தினால் வாய் மூடும் என்பது எல்லா ஊர் அதிகாரத்துக்கும் தெரிந்த வித்தை.

ஆயினும் தோழர்களே, கேட்பவன் கெட்டவன் என்பதனால் கேள்வி கெட்டதாகிவிடாது. "உனக்கு யார் பணம் தருகிறார்கள்?" என்பது நியாயமான கேள்வி. சங்கச் செயலாளரிடம் அதை நீங்கள் கேட்கிறீர்கள், கேட்கவும் வேண்டும். நாமும் மற்றவர்களிடம் கேட்கிறோம். பதில் சொல்லத் தயாராக இருப்பவன்தான் காசு வாங்கலாம்.

சரி, வெளிநாட்டு நெருக்குதலாலும் வெளிநாட்டு மானியத்தாலும் நம் தொழிலாளர் சட்டங்களில் ஏதாவது மாறியதா? இதுதான் கிராணிமார்கள் கவனிக்கவேண்டிய பகுதி.

2016 பிப்ரவரியில் பசிபிக் வட்டார வர்த்தக உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திட்டபோது, தொழிலாளர் சட்டங்களைத் திருத்துவதாக அமெரிக்காவோடு தனித் திட்டம் ஒன்றிலும் கையெழுத்திட்டது. தொழிற்சங்கப் பதிவில் அரசாங்கத்தின் பிடியைத் தளர்த்துவது முதலிய பல வாக்குறுதிகள் அதில் இருந்தன. அனைத்துலகத் தொழில் நிறுவனமாகிய ஐ.எல்.ஓ., அமெரிக்கத் தொழில் இலாகாவின் பணத்தைக்கொண்டு, சட்டத் திருத்தத்துக்கு உதவும் திட்டம் ஒன்றை இங்கு நடத்தியது. 2017 ஜனவரியில் அமெரிக்கா அந்த வர்த்தக உடன்படிக்கையிலிருந்தே விலகிக்கொண்டது. வாக்குறுதியைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. நாம் எத்தனை பேர் அன்று அதை அறிந்தோம்? நம் உரிமை பற்றிய ஓர் ஏற்பாடு, நம்மைக் கேட்காமல் வந்தது. நம்மைக் கேட்காமலே போயிற்று.

2018க்குப் பிறகு திருத்த வேலை மறுபடி நடந்தது. தொழில் உறவுச் சட்டத்தின் திருத்தம் 2021 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன், வேலைநீக்கப் புகார் சமரசத்தில் தீராவிட்டால் அதைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அமைச்சரின் விருப்பம். திருத்தத்துக்குப் பின், தீராத புகாரைத் தலைமை இயக்குநரே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அமைச்சரின் மேசையில் காத்துக் கிடக்கும் நிலை நீங்கியது. வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது: வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று, பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று, தகப்பனுக்கும் ஏழு நாள் விடுமுறை உண்டாயிற்று. 2024 செப்டம்பர் 15 முதல் தொழிற்சங்கச் சட்டத் திருத்தமும் நடப்பில் உள்ளது. ஒரே தொழில், ஒரே துறை என்ற வேலிக்குள்தான் சங்கம் அமையவேண்டும் என்ற கட்டு அதனால் நீங்கியது.

இவையெல்லாம் நல்லவை. மானியமும் வெளி ஆலோசனையும் இவற்றுக்கு ஓரளவு கைகொடுத்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. நம் நாட்டுச் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்தன என்பதையும் மறக்கவேண்டியதில்லை. ஆனால் சட்டம் திருந்தியபின் என்ன ஆயிற்று? கோலாலம்பூர் விடுதி மண்டபத்தில் ஆங்கிலத்தில் கருத்தரங்கு நடந்தது. தடித்த அறிக்கைகள் அச்சாயின. அந்தப் பதினெட்டு வருடச் சேவைக்காரச் சகோதரி வேலையிழந்தபோது, புதிய திருத்தம் முழுமையாக நடப்பில் இருந்தது! அமைச்சரின் தடை நீங்கிவிட்டது. 60 நாள் கணக்கை அவருக்குச் சொல்ல லயத்தில் ஆள் இல்லை. சட்டத்தைத் திருத்தக் காசு கிடைத்தது. திருந்திய சட்டத்தை நிரைக்குள் கொண்டுவந்து சேர்க்கக் காசு கிடைக்கவில்லை. அதனால்தான் மேசை கேட்கிறோம்.

இப்போது எதிர்த்தரப்புத் தோழர்களின் வலுவான வாதத்தைச் சொல்லவேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய ஆட்சி வந்தவுடன் வெளிநாட்டு உதவியெல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் அமெரிக்கத் தொழில் இலாகா, உலகெங்கும் தான் பணம் தந்துவந்த தொழிலாளர் திட்டங்களை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்தது. ஜூலை 1ஆம் தேதியோடு யு.எஸ்.எய்ட் என்ற உதவி நிறுவனமே தன் வேலையை முடித்துக்கொண்டது. பல நாடுகளில் சட்ட உதவி நிலையங்களும் சிறு பத்திரிகைகளும் வாரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. யாரும் தவறு செய்யவில்லை; கணக்கில் கோளாறு இல்லை. ஒன்பதாயிரம் மைலுக்கும் அப்பால் ஒருவர் கையெழுத்திட்டார், இங்கே விளக்கு அணைந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்தக் கதையாகிவிடக்கூடாதே என்பது அத்தோழர்களின் கவலை. நியாயமான கவலை.

மானியத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. கொடுப்பவர் கணக்குக் கேட்பார், கேட்க வேண்டியதே. ஆனால் எந்தக் கணக்கு? எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படம் எடுத்தீர்கள் என்ற கணக்கு. அந்த அறிக்கை ஆங்கிலத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நம் எழுத்தர் அறிக்கை எழுதுவாரா, தோட்டத்துக்குப் போவாரா? மெல்ல மெல்ல, தொழிலாளிக்குப் பதில் சொல்லும் பழக்கம் குறைந்து, காசு கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் வளரும். சங்கத்தின் முகம் திரும்பிவிடும். சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் பணியாளின் கண்ணும் இருக்கும். செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய எங்களுக்கு இது தெரியாதா?

அப்படியானால் வேறு வழி உண்டா? நம் மண்ணிலேயே உண்டு.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, லயமும் வேலையும் ஒரே நாளில் இழந்து நம் மக்கள் தெருவில் நின்றார்கள். அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, ஒரு பங்கு 100 வெள்ளி என்று கேட்டார். தினக்கூலி வாங்கிய நம் தாய் தகப்பன்மார் தவணையாகக் கட்டினார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தக் காசு வாங்கிற்று. எல்லாத் துண்டாடலையும் அது நிறுத்திவிடவில்லை. ஆனால் வெட்டுக்கத்தி பிடித்த கை தோட்டமே வாங்கும் என்று காட்டிற்று. எந்த நாட்டு நிதியறமும் அதற்கு மானியம் தரவில்லை.

மற்றொன்று. நம் நாட்டு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள், ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 100 வெள்ளி கட்டியதைக்கொண்டு நடந்துவந்தவை. படித்தவர்கள் தங்களுக்குள் சந்தா போட்டு ஏழைக்கு வழக்காடினார்கள். சந்தா போடும் வித்தையை அவர்களுக்கு முன்பே அறிந்த நமக்கு இது முடியாதா?

கணக்குப் பார்ப்போம். இந்த வட்டாரத்தில் 300 பேர் மாதம் 2 வெள்ளி கொடுத்தால் 600 வெள்ளி. ஆண்டுக்கு 7,200 வெள்ளி. இதில் முழுநேர எழுத்தர் வைக்க முடியாது. ஆனால் வாரம் ஒரு நாள் ஒரு மேசை போடலாம். பேருந்துச் செலவு கொடுக்கலாம். துண்டுப் பிரசுரம் அச்சடிக்கலாம். முறையீட்டுத் தாளை எழுதி, தேதி பார்த்து, இலாகாவில் சேர்த்துவிடலாம். 2 வெள்ளி என்பது தேநீர்க் கடையில் ஒரு தேத்தண்ணீர். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 2013 ஜனவரியில் இந்த முறை முதலில் நடப்புக்கு வந்தபோது அது 900 வெள்ளி. அந்த உயர்வு யாரும் தூக்கிக் கொடுத்த மானியமன்று, கேட்டு வாங்கியது. அதிலிருந்து ஒரு தேத்தண்ணீரைச் சங்கத்துக்குத் தர மாட்டோமா?

ஆயினும் செயற்குழு, "வெளிக் காசே வேண்டாம்" என்று சொல்ல வரவில்லை. பசித்தவன் பந்தியில் வீறாப்புக் காட்டுவது அறிவாகாது. இரண்டாண்டு உதவி, நாம் பத்தாண்டில் கற்பதைச் சீக்கிரம் கற்றுத்தரலாம். ஆகவே நாங்கள் முன்வைக்கும் தீர்மானம் ஐந்து நிபந்தனை கொண்டது.

முதலாவது, நம் சொந்தச் சட்ட உதவி நிதி முதலில் தொடங்கவேண்டும். மூன்று மாதச் சந்தா சேர்ந்தபின்தான் மானியத் தாளில் கையெழுத்து. நாம் ஒரு காசும் போடாத இடத்தில் அயலார் காசை வாங்குவதில்லை.

இரண்டாவது, மானியம் வகுப்புக்கும் அச்சுக்கும் பயிற்சிக்கும் மட்டும். மேசையில் உட்காருபவரின் படிச் செலவு நம் நிதியிலிருந்து. மானியம் நாளை நின்றாலும் மேசை நிற்கக்கூடாது.

மூன்றாவது, 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்க நிதியை எதற்குச் செலவிடலாம் என்று வரையறுத்திருக்கிறது. அரசியல் காரியத்துக்குச் சங்கப் பணம் போகக்கூடாது என்றும் தடுத்திருக்கிறது. ஆகவே தலைமையகத்தின் ஆலோசனையும் எழுத்து மூலமான ஒப்புதலும் பெற்ற பின்பே ஒரு வெள்ளியேனும் வாங்கலாம். அது தனிக் கணக்கில் இருக்கவேண்டும்.

நான்காவது, காசு கொடுத்தவருக்கு அனுப்பும் கணக்கு எதுவோ, அதுவே தமிழில் எழுதி, ஒவ்வொரு தோட்டத்திலும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்படவேண்டும். யார் கொடுத்தார், எவ்வளவு, எதற்கு, மீதி என்ன என்பதைப் பால்மரத் தொழிலாளி ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குக் கிராணிமார் வாசித்துக் காட்டவேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் அளந்ததை ஊருக்கும் காட்டுவோம்.

ஐந்தாவது, எந்தப் புகாரை எடுப்பது, எதை விடுவது, எந்தச் சட்டத் திருத்தத்தைக் கேட்பது என்பவற்றைக் கிளைக் கூட்டம் மட்டுமே தீர்மானிக்கும். நமக்கு வேண்டிய திருத்தங்கள் நமக்குத் தெரியும். தோட்டம் கைமாறி வேலை போனால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவனுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் உண்டு. ஆனால் பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு எங்கே போவது என்பதற்கு அந்த விதிகளில் பதில் இல்லை. அறுபது நாள் காலக்கெடுவை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விசாரணையின்றி நீக்கப்பட்டவருக்கும் தளர்த்தவேண்டும். இவை கோலாலம்பூரில் யாரும் நமக்கு எழுதித்தர வேண்டியவை அல்ல.

இன்னொரு வார்த்தை. நம்முடன் நிரையில் நிற்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உண்டு. ஒரு காலத்தில் நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியது போல அவர்கள் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். அவர்களுக்கும் இந்த மேசை திறந்திருக்கவேண்டும். கூலி குறைந்த கையை வைத்து நம் கையை முறிப்பது பழைய தந்திரம். சட்டம் அறிந்த கையை அப்படி முறிக்க முடியாது.

தோழர்களே, மாறிவரும் நாடு என்று நம்மை உலகத்தார் எழுதுகிறார்கள். 2018இல் வாக்குச் சீட்டால் ஆட்சியை மாற்றினோம். ஆனால் மக்களாட்சி என்பது ஐந்தாண்டுக்கு ஒரு நாள் வரிசையில் நிற்பது மட்டுமா? வேலையிழந்த ஒரு தொழிலாளி, அறுபது நாளுக்குள் யாரிடம் போவது என்று அறிந்திருப்பதும் மக்களாட்சிதான். அதைக் கொண்டுவர வெளியிலிருந்து ஒரு கை வந்தால் பற்றிக்கொள்வோம். நடப்பது நம் காலாக இருக்கட்டும்.

அந்தச் சகோதரி இன்றும் இந்த மண்டபத்தில், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இப்போது வேறு தோட்டத்தில் குத்தகைக்காரரிடம் தினக்கூலிக்கு வெட்டுகிறார். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. கூட்டம் தொடங்குமுன் அவர் எங்களிடம் வந்து, சட்ட உதவி நிதிக்கென்று இரண்டு வெள்ளியைக் கையில் வைத்தார். தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை அம்மா என்றோம். "நிறைவேறாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்" என்றார்.

அந்த இரண்டு வெள்ளி இதோ மேசைமேல் இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் இருக்கிறது; முதல் ரசீதில் இன்னும் எழுதவில்லை. தலைவர் அவர்கள் இப்போது தீர்மானத்தை வாக்குக்கு விடுவார். எதிர்ப்பவர்கள் தயங்காமல் எழுந்து காரணம் சொல்லுங்கள். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தியதோடு நிற்காமல், போகும்போது மேசைப் பக்கம் வந்து போங்கள்.